நேரில் வந்து சொல்வது: தமிழகத் தலைமுறைகளும் தொடர்புப் பழக்கங்களும்

கல்யாணத்துக்கு அழைப்பது எப்படி என்பதில் தமிழ்க் குடும்பங்களின் மூன்று தலைமுறைக்கும் இன்று மூன்று கருத்து இருக்கிறது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு, பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, கணவனும் மனைவியுமாக வீட்டுக்கு வந்து கொடுத்தால்தான் அது அழைப்பு. ஐம்பதை ஒட்டியவர்கள் நெருங்கிய உறவுக்கு நேரில் போகிறார்கள். மற்றவர்களுக்குத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பிவிட்டு, ‘பத்திரிகை வந்ததா?’ என்று போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள். இருபதுகளில் இருக்கும் மணமக்கள் வாட்ஸப்பில் ஒரு படத்தை அனுப்பி, மண்டபத்துக்கு வழிகாட்டும் கூகுள் வரைபட இணைப்பையும் சேர்த்துவிடுகிறார்கள். தன்னை மதித்து அழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மூவருக்கும் ஒன்றுதான். எதை அழைப்பாகக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் பிரிகிறார்கள். நேரில் வந்து சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி குடும்பங்கள் உண்டு என்பதால், இந்த வேறுபாட்டைச் சின்ன விஷயமாகத் தள்ளிவிட முடியாது.

இளைஞர்கள் கைபேசிக்கு அடிமையாகிவிட்டார்கள், பெரியவர்களுக்குப் புதியது எதுவும் ஏறாது என்ற இரண்டு விளக்கங்கள் வீட்டுக்கு வீடு கேட்கக் கிடைக்கின்றன. இரண்டும் மனிதர்களின் குணத்தைக் குறை சொல்வதோடு நின்றுவிடுகின்றன. சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928இல் தலைமுறை பற்றி எழுதிய கட்டுரை வேறு வழியைக் காட்டியது. இளமையில் பதியும் அனுபவங்களே உலகத்தின் இயல்பான வடிவமாக மனதில் நின்றுவிடுகின்றன. பிறகு வருவதெல்லாம் அந்த அளவுகோலால்தான் அளக்கப்படுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இதைத் தொடர்புப் பழக்கங்களுக்குப் பொருத்தினால், கேட்க வேண்டிய கேள்வி இதுவாகிறது: ஒருவருக்குப் பதினைந்து இருபது வயதாக இருந்தபோது, தூரத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லைக் கொண்டுசேர்க்க என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது? விலை என்பது காசு மட்டுமல்ல. காத்திருப்பும், பிறர் காதில் விழுவதும், யார் முன்னால் யார் நின்று பேச வேண்டியிருந்தது என்பதும் அதில் அடங்கும்.

தபாலும் போனும் எட்டாத ஊர்களில் சேதி ஆள்மூலம் போயிற்று. சாவுச் செய்தியை ‘எழவு சொல்லுதல்’, ‘கேதம் சொல்லுதல்’, ‘துட்டி சொல்லுதல்’ என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரால் வழங்கினார்கள். பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர், பங்காளிகள் இருக்கும் ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் இந்த வேலை தலித் மக்கள்மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. இரவானாலும் மழையானாலும் கிளம்பியாக வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். நேரில் வந்து சொல்வதன் கண்ணியத்தைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கண்ணியத்துக்காக நடந்த கால்கள் யாருடையவை என்பதை விட்டுவிடக் கூடாது. இந்த வேலையை இனிச் செய்ய மாட்டோம் என்று மறுத்தது தலித் இயக்கங்களின் போராட்டத்தில் ஒரு பகுதி. தொலைபேசி பின்னால் வந்து அந்த மறுப்புக்குக் கை கொடுத்தது.

பெரியவர்கள் என்றாலே முகம் பார்த்துப் பேசுவதை விரும்புகிறவர்கள் என்ற எண்ணமும் பாதிதான் உண்மை. இந்தியாவில் அஞ்சலட்டை 1879இலும் இன்லாண்ட் லெட்டர் 1950இலும் வந்தன. நேரில் சொல்ல முடியாததைச் சொல்லும் இடமாகக் கடிதம் இருந்தது. அப்பாவிடம் பணம் கேட்பதும், மாமியார் வீட்டுக் கஷ்டத்தைத் தாயிடம் சொல்வதும், மனைவியிடம் அன்பைக் காட்டுவதும் கூட்டுக்குடும்பத்தின் முற்றத்தில் நடக்கக்கூடியவை அல்ல. எழுத்தாளர் புதுமைப்பித்தன் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாக வந்தன. பிரிந்திருந்த காலத்தில் அந்தத் தம்பதியின் வாழ்க்கை தபாலில்தான் நடந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, பிறகு நலம் சொல்லி நலம் கேட்பது, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பது, அதன் பிறகே விஷயம் என்று கடிதத்துக்கு ஒரு வரிசை இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்கள். வந்த கடிதத்தைத் தபால்காரரே படித்துக் காட்டினார். அவர்களுக்குக் கடிதம்கூடப் பலர் காதில் விழும் பேச்சுதான்.

தந்தி வேறு வகை. சொல்லுக்கு இத்தனை காசு என்று கணக்கிட்டதால் நல்ல சேதியை யாரும் அதிகம் தந்தியில் சொல்லவில்லை. தந்திச் சேவகர் தெருவில் திரும்பினாலே, பிரித்துப் பார்ப்பதற்கு முன் அழுகை கிளம்பிய வீடுகள் உண்டு. 2013 ஜூலையில் சேவை நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் போன் அடித்தால் எழுபது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது அந்தக் காலத்தின் மிச்சம். அதே நேரத்தில் அதே ஒலியைக் கேட்கும் பேரனுக்கு அப்படி எதுவும் தோன்றுவதில்லை.

சென்னையில் தொலைபேசி இணைப்பகம் 1882லேயே வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த நூறு ஆண்டுகள் அது சிலர் வீட்டுப் பொருளாகத்தான் இருந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அந்த எண்ணே பி.பி. நம்பராக நாலு குடும்பத்தின் விசிட்டிங் கார்டில் ஏறியது. அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடிப்போய்க் கூப்பிடும். பேசுகிறவர் அவர்கள் கூடத்தில், அவர்கள் எல்லோரும் பார்த்திருக்க, உரக்கப் பேசுவார். 1984இல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான சி-டாட்டின் சிறிய இணைப்பகங்களும், எண்பதுகளின் கடைசியில் பெருகிய எஸ்.டி.டி. பூத்துகளும் இதை மாற்றின. மஞ்சள் பலகை, கண்ணாடி அறை, சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால் பத்தரைக்கே வரிசை நிற்கும். சுருங்கச் சொல்வது, அவசியத்துக்கு மட்டும் பேசுவது, விஷயம் முடிந்ததும் ‘வைக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டு வைப்பது ஆகிய பழக்கங்களை இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களுக்கு அந்த மீட்டர் கற்றுக்கொடுத்தது. அரை மணி நேரம் போனில் பேசும் மகளைப் பார்த்துத் தந்தை பதறுவதில் கண்டிப்பைவிட அந்தச் சிவப்பு எண்களின் நினைவே அதிகம்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன குடும்பங்களில் இன்னொரு வழி இருந்தது. பேச்சைக் கேசட்டில் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வீட்டார் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, பதிலையும் பதிவு செய்து அனுப்பினார்கள். எழுத்து வராத தாய்க்கு மகனிடம் இடையில் ஆளில்லாமல் பேச அப்போது கிடைத்த அரிய வழி அது.

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. தொடக்க ஆண்டுகளில், வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். 2003இல்தான் அது இலவசமாயிற்று. அந்த விலையிலிருந்து பிறந்த மொழி மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டால் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’, இரண்டு விட்டால் ‘கீழே வா’ என்று காசில்லாமல் பேசும் சங்கேதங்கள் உருவாயின. எண்பதுகளில் பிறந்தவர்கள் கல்லூரிக்குப் போன காலம் இதுவும் எஸ்.எம்.எஸ். காலமும்தான். ஓர் எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். தமிழில் எழுதினால் 70தான். அன்றைய பல கைபேசிகளில் தமிழ் எழுத்தே வராது. காதலும் சண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாகப் போனதற்கு மொழிப்பற்று குறைந்தது காரணமல்ல, இந்தக் கணக்குதான் முதற்காரணம். விலை மறைந்த பின்னும் கை பழகியது பழகியதாகவே நின்றுவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிந்த பிறகு நேரே ஸ்மார்ட்போனுக்கு வந்த முதியவர்கள் எஸ்.எம்.எஸ். காலத்தைத் தொடாமலே தாண்டிவந்தவர்கள் என்பதால், தமிழ் எழுத்திலேயே எழுதுகிறார்கள் அல்லது குரலாகப் பேசி அனுப்புகிறார்கள். வாட்ஸப்பில் 2013இல் வந்த குரல் பதிவு வசதி, அந்தக் கேசட்டைக் கேட்டிருந்த தலைமுறைக்குப் புதிதாகவே இருக்கவில்லை.

ஒரே செயலியில் மூன்று தலைமுறையும் வந்து சேர்ந்தபோதுதான் உரசல் வெளிப்படையாயிற்று. அறுபதைத் தாண்டியவர்களின் செய்தி கடிதத்தின் சாயலில் இருக்கும்: விளிப்பு, விசாரிப்பு, விஷயம், சில சமயம் முடிவில் தன் பெயரும். இருபது வயதுக்காரருக்கு உரையாடல் எப்போதும் திறந்தே இருக்கிறது; அதனால் தொடங்குவதும் இல்லை, முடிப்பதும் இல்லை. நேரில் பார்த்துப் பிரியும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று குழந்தையிலேயே பழக்கிய மொழி தமிழ். போனில் அது ‘வைக்கட்டுமா’ ஆனது. எழுத்து அரட்டையில் விடைபெறும் சொல்லே இல்லை. ஒருவர் பதில் போடாமல் நிறுத்தினால் பேச்சு முடிந்தது. இதை இளையவர் இயல்பாக எடுத்துக்கொள்கிறார். முதியவருக்கோ, பேசிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் எழுந்துபோனதாகப் படுகிறது.

‘ம்’ என்ற ஓர் எழுத்தில் இந்த இடைவெளியை அளந்துவிடலாம். கதை கேட்கிறவர் உம் கொட்டாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார். நேர்ப்பேச்சில் அது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’ என்ற உற்சாகம். திரையில் அதே ‘ம்’ ஒற்றையாக வந்து நின்றால் சலிப்பு அல்லது கோபம் என்று இளையவர்கள் படிக்கிறார்கள். குரலின் ஏற்ற இறக்கம் போன இடத்தில் சின்னக் குறிகள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றன. அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், கைபேசிச் செய்தியில் ஒற்றைச்சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தால் அதை உண்மை குறைந்த பதிலாக எண்ணினார்கள். கையால் எழுதிய குறிப்பில் அதே புள்ளிக்கு அந்தப் பொருள் இல்லை. பள்ளியில் இலக்கணப்படி புள்ளி வைக்கப் பழகிய பெரியப்பாவின் ‘சரி.’ என்ற பதில், தம்பி மகளுக்கு முறைப்பாகத் தெரிவதன் காரணம் இதுவாக இருக்கலாம். செய்தி படிக்கப்பட்டதைக் காட்ட 2014 நவம்பரில் வாட்ஸப்பில் வந்த நீலக்குறியும் இப்படி ஒன்றைச் செய்தது. கடிதத்துக்குப் பதில் வர ஒரு வாரம் ஆனால் தபாலைக் குறை சொல்லலாம். படித்துவிட்டார், பதில் எழுதவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்போது குறை சொல்ல ஆளைத் தவிர வேறு இல்லை.

முதியவர்கள் காலையில் அனுப்பும் பூப்படங்களைப் பலரும் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலி நியாயமற்றது. தெருவில் நடந்துபோகும்போது திண்ணையில் இருப்பவரிடம் ‘என்ன, சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவது ஒரு தலைமுறையின் அன்றாடம். அந்தக் கேள்வியில் தகவல் எதுவும் இல்லை. ‘நீ இருக்கிறாய், நானும் இருக்கிறேன்’ என்பதுதான் அதன் பொருள். காலை வணக்கப் படம் அந்த வேலையைத்தான் செய்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் ஒரு முதியவரிடமிருந்து ஒருநாள் அது வராவிட்டால், நண்பர்கள் போன் செய்து விசாரிக்கிறார்கள்.

அந்தத் திண்ணையை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்ல வழியில்லாத காலத்தில் எல்லா வருகையும் திடீர் வருகைதான். திண்ணை அதைத் தாங்கியது. வந்தவர் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம்; வீட்டுக்குள் இருப்பவர் அவசரமில்லாமல் வெளியே வரலாம். உள்ளே அழைப்பதா வேண்டாமா என்பதை வீட்டார் முடிவு செய்ய அது இடம் கொடுத்தது. எல்லாச் சாதியாரும் அதில் சமமாக உட்கார முடியவில்லை என்பது வேறு. அடுக்குமாடி வீட்டில் கதவைத் திறந்தால் நேரே கூடம், இடையில் எதுவுமில்லை. ‘வீட்டில் இருக்கீங்களா, வரலாமா?’ என்ற குறுஞ்செய்தி அந்த இடைவெளியை மீண்டும் உண்டாக்குகிறது. ‘கால் பண்ணட்டுமா?’ என்று எழுதிக் கேட்டபின் அழைக்கும் இளையவர் செய்வதும் அதேதான். அவருக்கு முன்னறிவிப்பில்லாத அழைப்பு, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவதற்குச் சமம். சித்தப்பாவுக்கோ ‘என்னிடம் பேச அனுமதி கேட்க வேண்டுமா, நான் என்ன மூன்றாம் மனிதனா?’ என்று மனம் நோகிறது. அலுவலகங்களில் இதே முரண் மேலாளருக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும் இடையே நடக்கிறது. இருவரும் மரியாதையாகத்தான் நடக்கிறார்கள். மரியாதையின் இலக்கணம்தான் வேறு.

நேருக்கு நேர் பேசுவதில் இளையவர்களுக்குத் தயக்கம் கூடியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஜீன் ட்வெங்கியும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகவிருந்த 2016ஆம் ஆண்டுப் பள்ளி மாணவர்கள், எண்பதுகளின் கடைசியில் அதே வயதில் இருந்தவர்களைவிட நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவாகப் பிறருடன் நேரில் செலவிட்டதாகக் காட்டியது. குறைவாகச் செய்வது கூச்சத்தைக் கூட்டும் என்று எண்ண இடமிருக்கிறது. ஆனால் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2021இல் வெளியிட்ட பரிசோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பழைய நண்பரைத் தொடர்புகொள்ளச் சொன்னபோது, போனில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசியவர்களுக்குச் சங்கடம் மின்னஞ்சல் எழுதியவர்களைவிட அதிகமாக இல்லை. நெருக்கம் மட்டும் கூடியிருந்தது. தயக்கத்தின் பெரும்பங்கு பேச்சுக்கு முந்தைய கற்பனையில் இருக்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அமெரிக்க முடிவுகளை அப்படியே தமிழகத்தில் இறக்குவது தவறாகும். இங்கே நேர்ப்பேச்சு ஒருபோதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி சுகமாக இருந்ததில்லை. பெரியவர் முன் நின்றபடி பேச வேண்டிய இளையவருக்கும், தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருந்த உழைப்பாளிக்கும், கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்ன மருமகளுக்கும் முகம் பார்த்துப் பேசுவது படிநிலையை ஒவ்வொரு முறையும் நடித்துக் காட்டுவதாக இருந்தது. எழுத்தில் யாரும் நிற்பதில்லை, யாரும் உட்கார்வதுமில்லை. கூடத்தில் எல்லோர் காதிலும் விழப் பேசிய தலைமுறையின் பெண்களுக்குக் கிடைக்காத தனிமை, அவர்கள் பேத்திகளுக்குக் கைபேசியில் கிடைத்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசியுள்ள பெண்கள் இந்திய அளவில் 54 விழுக்காடு. தமிழகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகிய தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் மாணவனும் மாணவியும் பேசிக்கொள்வதே குற்றமாக இருந்தது; பேருந்தில்கூடத் தனித்தனி வரிசை. வகுப்பில் ஒரு வார்த்தை பேச முடியாமல் இரவில் செய்தி அனுப்பிப் பழகியவர்களிடம், நேரில் பேச ஏன் கூச்சம் என்று கேட்பது பொருத்தமில்லாத கேள்வி. பெரியவர்கள்தான் அந்தக் கதவை மூடினார்கள்.

கொரோனா காலம் இரண்டு முனையிலும் வேலை செய்தது. 2020 மார்ச்சில் மூடிய தமிழகப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பரிலும், ஒன்று முதல் எட்டு வரை அந்த நவம்பரிலும்தான் முறையாகத் திறந்தன. இடையில் சில வாரங்கள் மேல்வகுப்புகள் நடந்தாலும், மைதானத்தில் சண்டை போட்டுச் சமாதானமாகக் கற்க வேண்டிய வயது பலருக்கு வீட்டுச் சுவருக்குள் போயிற்று. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களை மாலைநேரத்தில் தெருவுக்கே அனுப்பிப் பிள்ளைகளோடு உட்காரவைத்தது. திரையால் விட்டுப்போனதை ஆளை அனுப்பி ஈடுசெய்ய வேண்டியிருந்ததற்கு இது சான்று. பள்ளிகள் மூடியிருந்த அதே மாதங்களில் பாட்டிகள் வீடியோ காலில் தங்கள் நெற்றி மட்டுமல்லாமல் முழு முகமும் தெரியும்படி கைபேசியைப் பிடிக்கக் கற்றார்கள். ஊரடங்கு முடிந்தும் அந்தப் பழக்கம் நின்றது.

தொடர்புக் கருவிகளைப் பற்றிய இந்தத் தலைமுறை வழக்கு இந்த மண்ணுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் தொலைபேசியின் சமூக வரலாற்றை 1992இல் எழுதிய கிளாட் ஃபிஷர், தொடக்கத்தில் தொலைபேசி நிறுவனங்களே அரட்டையை வீண்செலவாகக் கருதியதைப் பதிவுசெய்கிறார். வணிகத்துக்கும் அவசரத்துக்கும் விற்ற கருவியை, குறிப்பாகப் பெண்கள், உறவு பேணும் கருவியாக மாற்றினார்கள். அன்று ஆழமில்லாதது என்று ஒதுக்கப்பட்ட போன் பேச்சைத்தான் இன்றைய பெரியவர்கள் உண்மையான பேச்சு என்று காக்க நினைக்கிறார்கள்.

தமிழ்க் குடும்பங்களில் இப்போது நிலைபெற்றுவருவது ஒரு பங்கீடு. கல்யாணத்துக்குத் தாய்மாமனையும் பங்காளி வீட்டுப் பெரியவர்களையும் நேரில் போய் அழைக்கிறார்கள், மற்றவர்களுக்கு வாட்ஸப். மொய்யும் பாதி மாறிவிட்டது. 2021 ஜனவரியில் மதுரைத் திருமணம் ஒன்றின் பத்திரிகையில் மொய் அனுப்பக் கியூஆர் குறி அச்சிட்டிருந்தது செய்தியாயிற்று. இன்று அது செய்தியல்ல. சாவு விஷயத்தில் மாற்றம் குறைவு. நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்பதை இளையவர்களும் பெரும்பாலும் கைவிடவில்லை. சேதி மட்டும் ஒரு மணி நேரத்தில் எல்லாக் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யாரும் இருட்டில் நடக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பேரன் ஒருவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்க, அவர்கள் திரையில் தகனத்தைப் பார்க்கிறார்கள். பிறகு விமானச் சீட்டுக் கிடைத்தவர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்கு வந்து, ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து எழுந்து வருகிறார்கள்.